ஒலிம்பிக்கில் எந்த விளையாட்டுக்கு இடம் தரலாம்? விவாதிக்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒலிம்பிக் போட்டிகள் நெருங்கும்போதெல்லாம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. கபடி ஏன் இல்லை, கிரிக்கெட் ஏன் இவ்வளவு காலம் இல்லை, சறுக்குப்பலகையும் சுவரேற்றமும் எப்படி உள்ளே வந்தன, குதிரையேற்றத்துக்கு இன்னும் ஏன் இடம் என்று ஆளுக்கொரு பக்கம் பேசத் தொடங்கி, பத்தே நிமிடத்தில் அவரவருக்குப் பிடித்ததே உயர்ந்தது என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறோம். கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் பணியில் இந்தத் தலைப்பை நான் பலமுறை கொடுத்திருக்கிறேன். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள்கூட இதில் தடுமாறுவதற்குக் காரணம் பேச்சுத்திறன் குறைவு அன்று; தாங்கள் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறோம் என்பதை முடிவு செய்யாமலே அவர்கள் பேச எழுந்துவிடுவதுதான்.

இந்த விவாதத்தைப் பொழுதுபோக்காக மட்டும் நான் பார்ப்பதில்லை. ஒரு விளையாட்டு ஒலிம்பிக் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பல நாடுகளில் அரசின் நிதியும் பயிற்சியாளர் நியமனமும் அமைகின்றன. இந்தியாவில் 2014-இல் தொடங்கப்பட்ட ‘டாப்ஸ்’ (Target Olympic Podium Scheme) திட்டம் தன் பெயரிலேயே ஒலிம்பிக் பதக்க மேடையைக் குறியாகக் கொண்டது. ஒரு விளையாட்டைச் சேர்ப்பதும் நீக்குவதும் எங்கோ ஓர் ஊரில் அதிகாலையில் எழுந்து ஓடும் பெண்ணின் அடுத்த பத்து ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. எனவே கவனமாகப் பேச வேண்டிய பொருள் இது.

கேள்வியை முதலில் திருத்துங்கள்

‘இது விளையாட்டா, இல்லையா?’ என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். அதற்கு விடை கிடைத்தாலும் நமக்கு வேண்டிய விடை கிடைக்காது. சதுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயை சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-ஆம் ஆண்டிலேயே அங்கீகரித்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின்போது விசுவநாதன் ஆனந்தும் அலெக்ஸி ஷிரோவும் அங்கே காட்சி ஆட்டமும் ஆடினார்கள். ஆயினும் இன்றுவரை சதுரங்கத்துக்கு ஒலிம்பிக்கில் பதக்கம் கிடையாது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட், சதுரங்க உலகம் தனக்கென நடத்திக்கொள்ளும் தனிப்போட்டி. பெயரை மட்டும் வைத்து, சதுரங்கம் ஏற்கெனவே ஒலிம்பிக்கில் இருப்பதாக எண்ணிப் பேசிய மாணவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அங்கீகாரம் வேறு, போட்டி நிரலில் இடம் பெறுவது வேறு என்பதைப் பேசுவதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அதுபோலவே எந்த ஒலிம்பிக் என்பதையும் சொல்லிவிடுங்கள். பனியின் மீதோ உறைபனித் தளத்தின் மீதோ ஆடப்படுபவை மட்டுமே குளிர்கால விளையாட்டுகள் என்று ஒலிம்பிக் சாசனம் வரையறுத்திருக்கிறது. ஆகவே கோடைக்கால நிரலில் நெருக்கடி என்பதால் ஓர் உள்ளரங்க விளையாட்டைக் குளிர்காலத்துக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை, சாசனத்தைத் திருத்தாமல் நடவாது.

அடுத்து, விளையாட்டு, அதன் பிரிவு, அந்தப் பிரிவிலுள்ள பதக்கப் போட்டி ஆகிய மூன்றையும் குழப்பாதீர்கள். நீர் விளையாட்டு என்பது ஒரு விளையாட்டு. நீச்சல், டைவிங், வாட்டர் போலோ, கலைநீச்சல் ஆகியவை அதன் பிரிவுகள். ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஒரு பதக்கப் போட்டி. ஒரு விளையாட்டு முழுவதுமாக நீக்கப்படுவது அரிது. பதக்கப் போட்டிகள்தாம் சந்தடியின்றி வந்துபோகின்றன. ஆண்களுக்கு மட்டுமே இருந்துவந்த 50 கிலோமீட்டர் நடைப்போட்டி டோக்கியோவோடு முடிந்துபோனது. தடகளம் அப்படியே இருக்கிறது. 2014 டிசம்பரில் மொனாக்கோவில் ஏற்கப்பட்ட சீர்திருத்தத் திட்டத்துக்குப் பிறகு, நிரலை விளையாட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வகுக்காமல் பதக்கப் போட்டிகளையும் வீரர் எண்ணிக்கையையும் கொண்டு வகுக்கிறார்கள். நடத்தும் நகரமே சில விளையாட்டுகளை முன்மொழியவும் அந்தத் திட்டம்தான் வழி திறந்தது.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு தலைப்பை இப்படி எழுதுங்கள்: ‘இன்ன ஆண்டின் ஒலிம்பிக்கில், இன்ன விளையாட்டு, இன்ன வடிவத்தில், இத்தனை வீரர்களோடு சேர்க்கப்பட வேண்டும்.’ வடிவம் முக்கியம். ரக்பி 1924-க்குப் பிறகு 2016-இல் திரும்பி வந்தபோது அணிக்கு ஏழு பேர் ஆடும் குறுவடிவமாகத்தான் வந்தது. 2028-இல் வரப்போகும் கிரிக்கெட்டும் இருபது ஓவர் ஆட்டம்தான்.

இடக் கணக்கை மேசைமேல் வையுங்கள்

பாரிஸ் 2024-இல் 32 விளையாட்டுகள், 329 பதக்கப் போட்டிகள், ஏறத்தாழ 10,500 வீரர்கள். இந்த 10,500 என்ற எண்ணை மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள்; கோடைக்கால ஒலிம்பிக்கின் அளவு அதைத் தாண்டிவிடக் கூடாது என்பதில் ஒலிம்பிக் குழு கவனமாக இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் 2028-க்காக அந்நகரம் முன்மொழிந்த கிரிக்கெட், ஸ்குவாஷ், பேஸ்பால்-சாஃப்ட்பால், லக்ராஸ், கொடிக் கால்பந்து ஆகிய ஐந்தும் 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழுவின் அமர்வில் ஏற்கப்பட்டன. அந்த வரம்புக்கு விதிவிலக்காக, அவற்றுக்கென 698 இடங்கள் மேலதிகமாக ஒதுக்கப்பட்டுள்ளன. கிரிக்கெட்டுக்கு ஆண்களில் ஆறு அணிகள், பெண்களில் ஆறு அணிகள், பாலுக்குத் தொண்ணூறு பேர் என மொத்தம் 180 இடங்கள்.

அந்த 180 பேரிடமிருந்து கிடைப்பவை இரண்டே தங்கப் பதக்கங்கள். குழு விளையாட்டைச் சேர்க்கச் சொல்பவர் எவராயினும் இந்தக் கணக்குக்கு விடை சொல்லியாக வேண்டும். தனிநபர் விளையாட்டில் இதே இடங்களைக் கொண்டு எத்தனையோ சிறிய நாடுகளிலிருந்து ஆளுக்கொருவரை அழைத்துவிடலாம். ஆறு அணிகள் மட்டும் ஆடும் போட்டியில் ஆறு நாடுகளுக்குத்தான் வாய்ப்பு. மறுபக்கத்தில் நிற்பவர், தெற்காசியாவின் கோடிக்கணக்கான மக்களை ஒலிம்பிக் நோக்கித் திருப்புவதற்கு இது சிறிய விலை என்று வாதிடலாம். அதுவும் நேர்மையான வாதமே. எந்தப் பக்கம் நின்றாலும், ‘சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எது குறையும் என்பதற்கு எண்கள் இருக்கின்றன.

அளவுகோலை எழுதிய பிறகே விளையாட்டின் பெயரை எழுதுங்கள்

என் வகுப்பில் நான் வலியுறுத்தும் ஒரே ஒழுங்கு இது. தாளில் முதலில் உங்கள் அளவுகோல்களை எழுதுங்கள். பிறகு உங்களுக்கு மிகவும் பிடித்த விளையாட்டை அவற்றால் அளந்து பாருங்கள். எதிராளியின் விளையாட்டை அதற்குப் பிறகு அளக்கலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு முறை கிரிக்கெட் ஆடும் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரும் கபடி ஆடும் முதலாமாண்டு மாணவி ஒருவரும் எதிரெதிரே நின்றார்கள். மாணவி, ‘கிரிக்கெட்டில் முழு உறுப்பு நாடுகள் பன்னிரண்டுதான், இதை எப்படி உலக விளையாட்டு என்பது?’ என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. மாணவர் அமைதியாக எழுந்து, ‘சரிம்மா, அந்தப் பன்னிரண்டை ஒத்துக்கிறேன். கபடியில ஒலிம்பிக் தரத்துக்கு மோதக்கூடிய நாடு எத்தனைன்னு நீயே எண்ணிச் சொல்லு’ என்றார். மாணவி இந்தியா, ஈரான் என்று தொடங்கி, நான்காவது பெயருக்கு மேல் தயங்கி நின்றார். ‘அண்ணா, அதைத்தான் நான் முதல்ல எண்ணிப் பார்த்திருக்கணும்’ என்று அவர் ஒப்புக்கொண்ட அந்த நேர்மைதான் அன்றைய விவாதத்தைக் காப்பாற்றியது.

இனி, பொதுவாகக் கையாளப்படும் அளவுகோல்களைப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

பரவல் என்பது முதலாவது. கோடைக்கால விளையாட்டாக ஏற்கப்பட, ஆண்களிடையே குறைந்தது 75 நாடுகளிலும் நான்கு கண்டங்களிலும், பெண்களிடையே 40 நாடுகளிலும் மூன்று கண்டங்களிலும் பரவலாக ஆடப்பட வேண்டும் என்று ஒரு காலத்தில் சாசனமே எண் குறித்திருந்தது. இன்று நெகிழ்வு கூடியிருந்தாலும், பரவல் என்ற சொல்லுக்கு ஓர் உருவம் தர இந்தப் பழைய எண்கள் உதவும். ‘பல நாடுகளில் ஆடுகிறார்கள்’ என்பதற்கும் ‘பல நாடுகள் வெல்லக்கூடும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துப் பேசுங்கள்.

இரண்டாவது, ஒலிம்பிக் தங்கம் அந்த விளையாட்டின் உச்சமா என்ற கேள்வி. நான் கேட்ட விவாதங்களில் மிக வலுவாக இறங்கும் வாதம் இதுதான். மிக எளிதில் தவறாகக் கையாளப்படுவதும் இதுவே. ஆண்கள் கால்பந்தில் 1992 முதல் 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டியாகவும், 1996 முதல் வயது கடந்த மூவருக்கு மட்டும் அனுமதியாகவும் இருப்பதால், உலகக் கோப்பையின் நிழலிலேயே அது நிற்கிறது. பேஸ்பால் 1992 முதல் 2008 வரை பதக்க விளையாட்டாக இருந்து, 2005-இல் சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பில் நீக்கப்பட்டதற்கு, அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக் தன் வீரர்களைப் பருவத்தின் நடுவே விடுவிக்க முன்வராதது முக்கியமான காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் இந்த அளவுகோலை டென்னிசின் மீது வைத்துப் பாருங்கள். 1924-க்குப் பின் விலகி 1988-இல் திரும்பிய விளையாட்டு அது. அதற்கு கிராண்ட் ஸ்லாம் எனும் பெரும் போட்டிகள் நான்கு இருக்கின்றன. அப்படியிருந்தும் 2024-இல் பாரிசில், 24 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றிருந்த நோவாக் ஜோகோவிச், கார்லோஸ் அல்கராசை இரு டை-பிரேக்குகளில் வென்று தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றபோது, 37 வயதில் களத்திலேயே உடல் குலுங்க அழுதார். உச்சம் எது என்பதைப் போட்டியின் கட்டமைப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. ஆடுகிறவரின் மனமும் முடிவு செய்கிறது. ‘சிறந்தவர்கள் வருகிறார்களா, வந்தால் முழு மனத்தோடு ஆடுகிறார்களா?’ என்று கேட்டால் இந்த அளவுகோல் செம்மையாகும்.

மூன்றாவது, நடுவர் மதிப்பெண். ‘கடிகாரமோ அளவுநாடாவோ முடிவு சொல்லும் விளையாட்டுகள் மட்டும் போதும்’ என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அவர்களிடம் சுவரேற்றத்தின் வேகப் பிரிவைக் காட்டலாம்: பதினைந்து மீட்டர் சுவர், உலகெங்கும் ஒரே அமைப்பில் பிடிகள், உச்சியைத் தொட்டதும் நிற்கும் கடிகாரம். 2024-இல் இந்தோனேசியாவின் வெத்ரிக் லியனார்டோ 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வென்றார். இதைவிடத் தூய்மையான அளவீடு அரிது. ஆனால் இந்த வாதத்தை நீட்டினால் 1896 முதல் இருந்துவரும் ஜிம்னாஸ்டிக்ஸையும் வெளியேற்ற வேண்டிவரும். 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் ஃபிகர் ஸ்கேட்டிங் எனும் உறைபனித் தளச் சறுக்கு நடனத்தின் இணையர் பிரிவில் நடுவர் ஊழல் வெளிப்பட்டு, கனடா இணையருக்கும் தங்கம் வழங்கப்பட்ட பிறகு, ஆறு மதிப்பெண் என்ற பழைய முறையே கைவிடப்பட்டது. முறையைத் திருத்த முடியுமா என்பதே இங்கே பொருத்தமான கேள்வி என்பது என் கருத்து.

செலவைப் பற்றியும் பேசுவார்கள். ‘பணக்காரர் விளையாட்டு’ என்று சொல்லி ஒரு விளையாட்டைத் தள்ளும்முன் சென்னையின் பவானி தேவியை நினைத்துக்கொள்ளுங்கள். வாள் வாங்கும் விலை கைக்கு எட்டாத நிலையில் மூங்கில் குச்சியைக் கொண்டு வாள்வீச்சு பழகத் தொடங்கி, டோக்கியோவில் ஒலிம்பிக் களம் கண்ட முதல் இந்திய வாள்வீச்சு வீரரானார். முதல் சுற்றில் துனிசிய வீராங்கனையை 15-3 என வென்றார். தொடங்குவதற்கு ஆகும் செலவும், உச்சத்தை எட்ட ஆகும் செலவும் வெவ்வேறு. எந்தச் செலவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

பெண்களுக்கான இடம் இன்று விவாதத்துக்கு உரிய அளவுகோலாக இல்லை. நுழைவதற்கான நிபந்தனையாகவே ஆகிவிட்டது. 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் சிலர் களைத்துச் சாய்ந்ததைப் பெரிதுபடுத்தி எழுதினார்கள். அந்த ஓட்டம் 1960 வரை ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள்! 2026 மிலான்-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கிலும் பனிச்சறுக்குத் தாவலும் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கும் இணைந்த நார்டிக் கம்பைன்ட் பிரிவில் பெண்களுக்குப் போட்டி இல்லை. புதிய விளையாட்டை முன்மொழிபவர் பெண்கள் போட்டியின் தரத்தைப் பற்றித் தம் பேச்சின் முதல் பகுதியிலேயே சொல்லிவிட வேண்டும்.

நிர்வாகம் என்ற அளவுகோலை மாணவர்கள் அநேகமாக மறந்துவிடுவார்கள். நடைமுறையில் கதவைத் திறப்பதும் மூடுவதும் அதுவே. குத்துச்சண்டையின் உலக அமைப்பு 2019-இல் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2023 ஜூனில் அங்கீகாரத்தையே இழந்தது. டோக்கியோவிலும் பாரிசிலும் குத்துச்சண்டையை ஒலிம்பிக் குழுவே முன்னின்று நடத்த வேண்டியதாயிற்று. வேர்ல்டு பாக்சிங் என்ற புதிய அமைப்புக்கு 2025 பிப்ரவரியில் தற்காலிக அங்கீகாரம் கிடைத்த பின்னர்தான், மார்ச் மாதம் 2028-க்கான இடம் உறுதியானது. கையுறைக்குள் இருந்த திறமையில் ஒரு குறையும் இல்லாதபோதும் அத்தனை வீரர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வரலாற்றை எப்படிக் கையாள்வது?

‘முன்பே இருந்தது, ஆகவே மீண்டும் வேண்டும்’ என்ற வாதத்தைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். கிரிக்கெட்டுக்கு 1900 பாரிசைக் காட்டுவார்கள். அங்கே நடந்தது ஒரே ஓர் ஆட்டம். வின்சென் மிதிவண்டி ஓட்டக்களத்தின் நடுவே, அணிக்குப் பன்னிரண்டு பேராக, இரண்டு நாள். பிரிட்டனின் சார்பில் ஆடியது இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியிலிருந்து சுற்றுப்பயணம் வந்த ஒரு கிளப். பிரான்சின் அணியிலோ பெரும்பாலோர் பாரிசில் வாழ்ந்த ஆங்கிலேயர். பிரிட்டன் 158 ஓட்டங்களில் வென்றது. இதை முன்னுரிமைக்குச் சான்றாக வைத்தால், 1900 முதல் 1920 வரை இருந்த கயிறு இழுத்தலையும், 1936 வரை விட்டுவிட்டு நடந்த போலோவையும், 1912 முதல் 1948 வரை ஓவியத்துக்கும் இலக்கியத்துக்கும் இசைக்கும் பதக்கம் தந்த கலைப்போட்டிகளையும் திரும்ப அழைக்க வேண்டும்.

தேதிகளைச் சரிபார்க்கும் பழக்கமும் வேண்டும். பாரிசில் ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவரின் ஆட்டம் உலகெங்கும் பகடிக்குள்ளானதால்தான் பிரேக்கிங் என்ற தெருநடனப் போட்டி 2028-இல் நீக்கப்பட்டது என்று இன்றும் பலர் மேடையில் சொல்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பட்டியல் முடிவானது 2023 அக்டோபரில்; அந்த ஆட்டம் நடந்ததோ 2024 ஆகஸ்டில். நடத்தும் நகரம் முன்மொழிந்த பட்டியலில் பிரேக்கிங் இல்லை, அவ்வளவே. இப்படி ஒரு பிழையை எதிராளி சுட்டிக்காட்டிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளையும் அவை நம்பாது. அதைவிட முக்கியம், ஒரு தனி மனிதர்மேல் சுமத்தப்படும் பழியை நம் வாயால் நீட்டிக்கக் கூடாது.

மரபு என்ற வாதத்தின் வலிமையையும் எல்லையையும் காட்ட மல்யுத்தத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை; இதை முழுமையாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2013 பிப்ரவரியில் ஒலிம்பிக் குழுவின் செயற்குழு, 2020-க்கான அடிப்படை விளையாட்டுகளின் பட்டியலிலிருந்து மல்யுத்தத்தை விலக்கப் பரிந்துரைத்தது. பழைய ஒலிம்பியாவில் கி.மு. 708 முதல் நடந்ததாகச் சொல்லப்படும் விளையாட்டு, 1896 ஏதென்சில் இருந்த விளையாட்டு, சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தை 1952-இல் கே.டி. ஜாதவ் வழியாகத் தந்த விளையாட்டு. உலகமே அதிர்ந்து மரபைப் பற்றிப் பேசியது. ஆனால் மல்யுத்தக் கூட்டமைப்பு மரபைச் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. சில நாள்களில் அதன் தலைவர் பதவி விலகினார். செர்பியாவின் நெனாட் லாலோவிச் பொறுப்பேற்றார். இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்றில் இரண்டை வெல்ல வேண்டும் என்ற பழைய முறையில், மொத்தப் புள்ளிகள் அதிகம் எடுத்தவரே தோற்கவும் கூடும்; 1-0, 1-0 என இரு சுற்றுகளை வென்றவர், இடையில் ஒரு சுற்றை 0-5 என இழந்திருந்தாலும் அவரே வெற்றியாளர். பார்ப்பவருக்கு விளங்காத இந்த முறை கைவிடப்பட்டு, மூன்று நிமிடப் பகுதிகள் இரண்டு, புள்ளிகள் தொடர்ந்து கூட்டப்படும் என்று விதி மாறியது. நிர்வாகத்தில் பெண்களுக்கு இடம் தரப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் புவேனஸ் ஐரிசில் நடந்த வாக்கெடுப்பில் மல்யுத்தம் 49 வாக்குகளும், பேஸ்பால்-சாஃப்ட்பால் 24 வாக்குகளும், ஸ்குவாஷ் 22 வாக்குகளும் பெற்றன.

அதன் தொடர்ச்சிதான் என்னை நெகிழ வைப்பது. லண்டன் 2012-இல் பெண்களுக்கு 48, 55, 63, 72 கிலோ என நான்கே எடைப்பிரிவுகள். சீர்திருத்தத்துக்குப் பின் ரியோ 2016-இல் ஆண்களின் ஃப்ரீஸ்டைல், கிரேக்கோ-ரோமன் ஆகிய இரு பாணிகளிலும் தலா ஆறு, பெண்களுக்கும் ஆறு என்று வகுத்தார்கள். அங்கே 58 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றவர் சாக்ஷி மாலிக். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிரிவே ஒலிம்பிக்கில் இருந்ததில்லை.

அதே வாக்கெடுப்பில் தோற்ற ஸ்குவாஷின் கதையும் படிக்க வேண்டியது. 2005-இல் கராத்தேயோடு சேர்ந்து இறுதிவரை வந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் நின்றது, 2009-இல் கோல்ஃபும் ரக்பியும் முந்திக்கொண்டன, 2013-இல் மல்யுத்தம். பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை, தொலைக்காட்சிக்கு ஒவ்வாது என்ற குற்றச்சாட்டுக்கு, நாற்புறமும் கண்ணாடி வைத்த அரங்கத்தை அமைத்து, பிரமிடுகளின் முன்னேயே போட்டி நடத்திப் பதில் சொன்னார்கள். 2023 ஜூனில் சென்னையில் உலகக் கோப்பை நடந்தபோது, வணிக வளாகம் ஒன்றின் நடுவே அப்படி ஒரு கண்ணாடிக் கூண்டு நின்றது. கையில் பையோடு கடைக்கு வந்தவர்கள் மேல்தளக் கைப்பிடியில் சாய்ந்து நின்று, பந்து சுவரில் அறையும் ஒலிக்குத் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சிக்கு ஒவ்வாது என்று இனி எவரேனும் சொன்னால், இந்தக் காட்சியைச் சொல்லுங்கள்.

கபடியை எடுத்து வாதாடிப் பார்ப்போம்

சேர்க்க வேண்டும் என்பவரின் பக்கம் வலுவானது. பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள தரை போதும். மட்டை, பந்து, வலை எதுவும் வேண்டாம். நாற்பது நிமிட ஆட்டம், முப்பது விநாடி ரெய்டு. ஒரே நாளில் ஓர் அரங்கத்தில் பல ஆட்டங்களை முடித்துவிடலாம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1990 முதல் ஆண்களுக்கும், 2010 முதல் பெண்களுக்கும் பதக்கம் இருக்கிறது. இந்தியாவைத் தவிர எவரும் வெல்ல மாட்டார்கள் என்ற பேச்சை 2018 ஜகார்த்தாவில் ஈரான் முடித்துவைத்தது. ஆண்கள் தங்கமும் பெண்கள் தங்கமும் அவர்களுக்கே சென்றன.

எதிர்ப்பவரின் பக்கமும் எளிதில் தள்ளத் தக்கது அன்று. ஆசியாவுக்கு வெளியே பரவல் மெலிந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட எட்டு அணிகள் இரு பாலிலும் என்றால் 192 இடங்கள். அது கிரிக்கெட்டுக்குத் தந்ததைவிடவும் அதிகம். எல்லாவற்றையும்விட, 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நடந்த ஆண்கள் இறுதி ஆட்டத்தை அவர் நினைவூட்டுவார். 28-28 என்ற நிலையில் பவன் செஹ்ராவத் ரெய்டுக்குச் சென்று, எவரையும் தொடுமுன் ஓரப் பகுதியான லாபியில் கால் வைத்தார். ஈரானியத் தடுப்பாளர்கள் அவரைத் தொடர்ந்து லாபிக்குள் இறங்கினார்கள். அவர் மட்டும் வெளியேறுகிறாரா, அவர்களும் சேர்ந்து வெளியேறுகிறார்களா என்பதில் எந்த விதி செல்லும் என்று தெரியாமல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. இந்தியா 33-29 என வென்றது உண்மை. ஆனால் ஒரு கண்டத்தின் இறுதி ஆட்டத்தில் விதி எதுவென்று நடுவர்களே உறுதியாகச் சொல்ல முடியாமல் போனதை, கபடியை நேசிக்கும் நாம்தான் முதலில் பேச வேண்டும்.

காட்சி விளையாட்டாக நுழைந்துவிடலாம் என்று சொல்லாதீர்கள். அந்த முறை 1992-க்குப் பின் கைவிடப்பட்டுவிட்டது. நடத்தும் நகரத்தின் முன்மொழிவு என்ற வழிதான் இன்று திறந்திருக்கிறது. 2036-ஐ நடத்த இந்தியா விருப்பம் தெரிவித்திருப்பதால், கபடிக்கான வாதத்தை அந்த ஆண்டை மனத்தில் வைத்து அமைப்பது பொருத்தம். சிலம்பத்துக்கு இன்னும் பொறுமை வேண்டும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது நல்ல தொடக்கம்; அதன் அடுத்த படி ஆசிய அளவிலான பரவல். நேரே ஒலிம்பிக் என்று பேசினால் சிலம்பத்துக்கு நாம் செய்வது உதவியாகாது.

மேடையில் செய்ய வேண்டியவை

பேச்சின் தொடக்கத்திலேயே எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை, அவர்களே ஏற்றுக்கொள்ளும் விதமாக, இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் அளவுகோல்களில் இரண்டை மட்டும் எடுத்து விரியுங்கள். எல்லாவற்றையும் தொட்டால் ஒன்றும் மனத்தில் நிற்காது. எது நடந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கிரிக்கெட்டைப் பொறுத்தவரை நான் சொல்வது இது: 2028 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள பொமோனாவில் ஆடும் அணிகளில் முன்னணி வீரர்கள் இல்லாமல் இரண்டாம் வரிசையினர் மட்டும் வந்தால், கிரிக்கெட்டுக்கான என் ஆதரவை நான் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

பயிற்சியின்போது பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு தரப்பை மாற்றிப் பேச வையுங்கள். நான் முன்பு சொன்ன கபடி மாணவியை இரண்டு வாரம் கழித்துக் கபடிக்கு எதிராகப் பேசச் சொன்னேன். ஹாங்சோ ஆட்டத்தை அவரே எடுத்து, அந்த லாபியைக் கரும்பலகையில் வரைந்து, தன் விளையாட்டின் குறையை எங்களுக்கு விளக்கினார். அடுத்த வாரம் மீண்டும் தன் பக்கத்துக்கு வந்தபோது அவர் எழுதிவந்த தலைப்பு மாறியிருந்தது: ‘2036 ஒலிம்பிக்கில் கபடி, உலகம் முழுவதற்கும் ஒரே விதிப்புத்தகத்தோடு, இரு பாலிலும் ஆறு அணிகள், அணிக்குப் பத்துப் பேர், மொத்தம் 120 இடங்களோடு சேர்க்கப்பட வேண்டும்.’